ஐந்துக்கு மூன்றரை: வேலை போன ஆறு மாதம் நான் 'ஆபீஸ்' போன கிளை நூலகம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. மதியம் பூட்டிவிடுவதற்கு ஒன்று, கழிவறைக்கு அரை, ஆக ஒன்றரை போயிற்று. மிச்ச மூன்றரையும் முழு மனதோடு போட்டது. பெயரையும் ஊரையும் எழுதவில்லை, ஏனென்றால் கழிவறையைப் பற்றி எழுதப் போகிறேன், அங்கே இருக்கும் நூலகர் அம்மா நல்லவர், அவருக்கு மேலிடத்தில் இருந்து போன் வரக் கூடாது. தாம்பரம் லைனில் ஒரு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்துக்கெல்லாம் ரிவ்யூவா என்று கேட்கலாம். பிரியாணிக் கடைக்கு எழுதுகிறோம், சலூனுக்கு எழுதுகிறோம், இதற்கு என்ன குறைச்சல்? இலவசம் என்றும் சொல்ல முடியாது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று பிடித்திருப்பார்கள். சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குவது அது. பதினோரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், அந்தக் கட்டடத்தின் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. வண்டியில் போகும்போது பார்த்திருக்கிறேன். மஞ்சள் பெயின்ட், துருப்பிடித்த கேட், உள்ளே ஒரு வேப்பமரம். அப்பா மட்டும் தினமும் காலையில் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார்.

2023 ஆகஸ்டில் எனக்கு வேலை போனது. பதினேழு வருஷம் ஒரே கம்பெனி. டெஸ்டிங்கில் கடைசி ஆளாகச் சேர்ந்து அதே டீமுக்கு மேனேஜர் ஆனவன். ஒரு புதன்கிழமை மதியம் காலண்டரில் 15 நிமிட மீட்டிங் ஒன்று முளைத்திருந்தது. தலைப்பு எதுவும் இல்லை. ஒரு சின்ன அறையில் நான் தனியாக, திரையில் எச்ஆரிலிருந்து ஒரு பெண், கூடவே என் மேலதிகாரிக்கு மேலே இருப்பவர். அவர் கேமராவைப் போடவே இல்லை. நானாக ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம், கொடுக்காவிட்டால் "ப்ராசஸ் வேற மாதிரி போகும் சார்". ஒன்பதாவது நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது. நான் எழுந்து வரவில்லை. அறை இன்னும் ஆறு நிமிடத்துக்கு என் பெயரில் புக் ஆகியிருந்தது, அதனால் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அந்த ஆறு நிமிடம்தான் கனவில் வருகிறது, அந்த ஒன்பது வருவதில்லை.

டீம் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து என்னை யாரும் நீக்கவில்லை, அந்த மட்டில் மரியாதை தெரிந்தவர்கள். நான் இல்லாமல் புதிதாக ஒன்று தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பழையது அப்படியே இருக்கிறது. கடைசியாக அதில் கிடப்பது யாருக்கோ போட்ட பிறந்தநாள் கேக் படம். ரொம்ப நாள் வரைக்கும் வீட்டை விட்டு இறங்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகும், டேக் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க.

மனைவிக்கு அன்றைக்கு ராத்திரியே தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது 74. தபால் துறையில் 34 வருஷம், சேர்ந்த வேலையில் இருந்தே ரிட்டயர் ஆன தலைமுறை. பிரஷர் வேறு. அவரிடம் 'லே ஆஃப்' என்று சொன்னால் "நீ என்ன தப்பு பண்ணே?" என்றுதான் முதல் கேள்வி வரும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், நானும் ராத்திரி இரண்டு மணிக்கு அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏங்க, ரெண்டு வாரம் தள்ளிச் சொல்லிக்கலாம், முதல்ல நீங்க கொஞ்சம் தெளிங்க" என்றாள் மனைவி. ரெண்டு வாரம் ஆறு மாதமானது.

ஆக, காலையில் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, லேப்டாப் இல்லாத லேப்டாப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பி எங்கே போவது? முதல் வாரம் மால், காபிக் கடை என்று சுற்றினேன். காபிக் கடையில் ஒரு கப்பை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் துடைத்த மேஜையையே திரும்பத் துடைப்பார்கள். மாலில் செக்யூரிட்டி மூன்றாவது நாளே அடையாளம் கண்டு சிரித்தார். ஒரு நாளைக்கு 300 ரூபாய்க்கு மேல் போனது, சம்பளமில்லாத ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. அப்புறம்தான் அந்த மஞ்சள் கட்டடம் ஞாபகம் வந்தது. அப்பா வருகிற இடமாயிற்றே என்ற பயமும் கூடவே வந்தது. அவர் எட்டேமுக்காலுக்குப் போய் திறக்கும்போதே நுழைந்து பத்துக்கெல்லாம் திரும்பிவிடுவார். நான் பத்தரைக்குப் போனால் சரி என்று கணக்குப் போட்டேன்.

இனி நூலகம்.

உள்ளே நுழைந்ததும் ஒரு மர மேஜை, அதன்மேல் நீளமான பதிவேடு. பெயர், முகவரி, நேரம், கையொப்பம் என்று நாலு கட்டம். பேனாவை ஒரு சணல் நூலில் மேஜைக்காலோடு கட்டிவைத்திருக்கிறார்கள். நூல் ஒரு சாண் குறைச்சல், முதல் கட்டத்துக்கு எட்டும், கையொப்பத்துக்கு எட்டாது, பதிவேட்டைத்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு ஹால், எட்டு நீள மேஜை, நான்கு மின்விசிறி. அதில் ஜன்னல் பக்கத்து விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்னும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது, பிறகு அது இல்லாவிட்டால் படிப்பு ஓடவில்லை. புத்தகங்களைப் பற்றிச் சொன்னால், நாவல் வரிசை நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் வரிசையில் ஃப்ளாப்பி டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம். குடிதண்ணீர் உண்டு. கழிவறை உண்டு, ஆனால் சாவியை மேஜையில் கேட்டு வாங்க வேண்டும். சாவி வாங்கிப் போனால் தண்ணீர் வராது. தண்ணீர் வரும் நாளில் தாழ்ப்பாள் இருக்காது. முதல் மாதத்திலேயே ஸ்டேஷன் கழிவறைதான் தேவலை என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டேஷனே தேவலை என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

உறுப்பினர் ஆகப் படிவம் கொடுத்தார் நூலகர் அம்மா. பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதி, 'தொழில்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. நாலு அங்குலக் கோடுதான். பதினேழு வருஷம் எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் எழுதிய இடம். பக்கத்தில் ஆள் காத்திருக்கிறார், எனக்குக் காது சூடாகிறது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சீட்டில் முத்திரை குத்திக்கொண்டே "அது காலியா இருந்தாலும் பரவால்ல சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். மூன்றரையில் ஒரு முழு மதிப்பெண் இந்த ஒரு வாக்கியத்துக்கு. நூலகத்தின் முக்கியமான வசதி என்று எதையாவது சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அங்கே யாரும் "எங்க வொர்க் பண்றீங்க?" என்று கேட்பதில்லை. கல்யாண வீட்டில் கேட்பார்கள், அபார்ட்மென்ட் லிஃப்டில் கேட்பார்கள், முடி வெட்டுகிறவர் கேட்பார், பெண்ணின் பள்ளிக்கூட வாசலில் கேட்பார்கள். இங்கே நீங்கள் 'வாசகர்', அதோடு சரி.

சுவரில் ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறது. சீர்காழியில் பிறந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தவர், நூலகத் துறைக்கே ஐந்து விதிகள் எழுதியவர். படத்துக்குக் கீழே அந்த ஐந்தையும் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. தினமும் அதற்கு எதிரேதான் உட்காருவேன். ஐயா, என்னிடம் நேரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, சேமித்து எங்கே வைப்பது என்று கேட்கத் தோன்றும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, நேரம்தான் உண்மையான தொல்லை. பணத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று அந்த மேஜையிலேயே போட்டுப் பார்த்தேன், கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பதினேழால் பெருக்கு. அகவிலைப்படி இருந்தால் அதையும் அடிப்படையோடு சேர்த்துக்கொள்ளலாம், எனக்கு இல்லை. வந்த தொகையில் வீட்டுக் கடன் ஒரு வருஷம் ஓடும். நேரத்துக்கு அப்படிச் சூத்திரம் கிடையாது. காலை பதினொன்று என்றால் ஸ்டேட்டஸ் கால், மூன்று என்றால் க்ளையன்ட் என்று ஓடிய உடம்பு, பதினொன்று மணிக்குத் தானாகவே ஒரு படபடப்பு வந்து நெஞ்சில் உட்காரும், பேச ஆள் இருக்காது.

அந்த நாட்களில் போனில் மேய்ந்துகொண்டிருந்தபோது மரியந்தால் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மொத்த ஊரும் ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது, 1930 வாக்கில் ஆலையை மூடிவிட்டார்கள். மரீ யாஹோடா என்ற இளம் பெண்ணும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய், வேலை போனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்து 1933-இல் வெளியிட்டார்கள். ஜன்னலோரம் நின்று தெருவில் போகிறவர்களின் வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்களாம், அடிக்கடி நின்றார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுவல்ல. அந்த ஊரில் தொழிலாளர்களுக்கு ஒரு நூலகம் இருந்தது. வேலை போன பிறகு எல்லோருக்கும் நேரம் இருக்கிறது, புத்தகம் எடுக்கக் கட்டணமும் இல்லை, அப்படியும் இரண்டு வருஷத்தில் இரவல் கிட்டத்தட்ட பாதியாக விழுந்துவிட்டது. படிக்க முடியவில்லை அவர்களால். நான் அப்போது ஒரே நாவலின் 31-ஆம் பக்கத்தில் நாலு நாளாக உட்கார்ந்திருந்தேன். சோம்பேறி ஆகிவிட்டேன், மூளை மழுங்கிவிட்டது, அதனால்தான் கம்பெனி தூக்கிப் போட்டது என்றெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், மொழி தெரியாத ஒரு ஊரில், ஆலைத் தொழிலாளிக்கும் இதேதான் நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் எதற்கென்று தெரியவில்லை, எழுந்து போய் வேப்பமரத்தடியில் ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு 32-ஆம் பக்கம் போனது.

ஹாலில் பாதிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள். சொந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்ததில் இருந்து பூட்டும் வரை தலை நிமிராமல் படிப்பார்கள். மூலை மேஜையில் ஓய்வு பெற்ற பெரியவர்கள், ஒரு தினத்தந்தியை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படித்து மாற்றிக்கொள்வார்கள், சினிமாப் பக்கம் வைத்திருப்பவருக்கு அங்கே தனி மவுசு. ஒருவர் வருவதே தூங்க. நானும் தினமும் வந்து ஒரு நோட்டில் எதையோ கிறுக்குவதைப் பார்த்து, மூன்றாவது வாரம் பக்கத்து மேஜைப் பையன் மெதுவாகக் கேட்டான்:

"அண்ணா, நீங்க எந்த குரூப்புக்கு படிக்கிறீங்க?"

44 வயதில், நரைத்த மீசையோடு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வேலை போன பிறகு வந்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். "எனக்கு வேலை போயிடுச்சு தம்பி, சும்மா வந்து உக்காந்திருக்கேன்." வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது, மனைவியைத் தவிர வேறு ஒரு ஆளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வது அதுதான் முதல் முறை. அவன் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. "ஓ... எனக்கு குரூப் 4 ரெண்டு தடவ போச்சுண்ணா. கணக்குலதான் ஒவ்வொரு தடவையும் உதை" என்றான். குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 25 திறனறிவு. தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும். '12 ஆட்கள் 15 நாளில் முடிக்கும் வேலையை 9 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்' என்ற வகை. நான் பதினேழு வருஷம் செய்தது இந்தக் கணக்கைத்தான், ஆளைக் குறைத்துவிட்டு அதே நாளில் முடி என்பார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். தினமும் பன்னிரண்டில் இருந்து ஒன்று வரை வேப்பமரத்தடியில் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் ஆறு பேர் ஆனார்கள். வெயில் ஏறினால் நிழலோடு நாங்களும் நகர்ந்து உட்காருவோம்.

அந்த ஆறு பேரை வைத்து என் மனசு சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. பன்னிரண்டு முதல் ஒன்று வரை சரியாக இருந்தது. ஒரு மணிக்கு நூலகத்தைப் பூட்டுவார்கள், நாலுக்குத்தான் திறப்பார்கள், அதுதான் பெரிய குறை. கிளை நூலகங்களுக்கு இப்படித்தான் நேரம் போல, ஊழியர் இருவரை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் நரகம். கோவில் போகலாம் என்றால் அதுவும் பன்னிரண்டுக்கு நடை சாத்தி நாலுக்குத்தான் திறக்கிறது. நம் ஊரில் மதியம் ஒன்றில் இருந்து நாலு வரை வேலை இல்லாத ஆண் உட்காருவதற்கு டாஸ்மாக்கைத் தவிர கதவு திறந்த இடமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் குடிப்பதில்லை, அதனால் தப்பித்தேன். ஸ்டேஷனில் 10 ரூபாய் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரம் உட்காரலாம். கடைசி பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறப்பேன். எதிர் பிளாட்ஃபார்மில் ஐடி டேக் மாட்டிய கூட்டம் ஷிப்டுக்குப் போகும். சாப்பாடு இறங்காது, மூடி வைத்துவிடுவேன். அந்த மதியங்களில் ஒன்றில்தான் தண்டவாளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் நூலகப் படியில் உட்கார்ந்து 14416-ஐக் கூப்பிட்டேன். மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மனைவி எப்போதோ நம்பரைச் சேமித்துக் கொடுத்திருந்தாள். பேசிய பெண்மணி தத்துவம் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா, எத்தனை மணிக்குத் தூக்கம் கலையுது, வீட்டில் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அப்புறம் சுற்றி வளைக்காமல், உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா என்று கேட்டார். வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி. பார்த்ததைச் சொன்னேன். அவர் பதறவில்லை. மதியம் ஸ்டேஷனுக்குப் போகாதீங்க, வேற இடம் பாருங்க, ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இப்படியே இருந்தா டாக்டரைப் பார்த்தே ஆகணும் என்றார். பார்த்தேன், ஒரு மாதம் சின்ன மாத்திரை ஒன்று சாப்பிட்டேன். இதைப் படிக்கிற யாராவது இப்போது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், ரிவ்யூவை அப்புறம் படிக்கலாம், முதலில் போனை எடுங்கள்.

மறுநாள் மதியம் பையன்களிடமே கேட்டேன், நீங்களெல்லாம் ஒன்றிலிருந்து நாலு வரை எங்கேடா போவீங்க என்று. ஒருவனுடைய மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அதன் மாடியில் தகரக் கொட்டகை. அதன் பிறகு எனக்கும் அங்கேதான் சாப்பாடு.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. டல்லாஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பேர், பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள், கடுங்கோபத்தில் இருந்தவர்கள். அதில் ஒரு பகுதியினரை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களில் பாதிக்கு மேல் வேலையில் இருக்கிறார்கள், மற்றவர்களில் அதில் பாதிகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால் எழுதியவர்கள் அதிகமாக விண்ணப்பம் போடவும் இல்லை, அதிகமாக ஆட்களைக் கூப்பிடவும் இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஏன் என்று புரிந்தது, ஏனென்றால் செப்டம்பரில் போன முதல் இன்டர்வியூவில் "ஏன் அங்கிருந்து வெளியே வந்தீங்க?" என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொன்னவன் நான். அந்தக் கேமரா போடாத மனிதரைப் பற்றி மட்டுமே நாலு நிமிடம். எதிரில் இருந்த பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார், அதையும் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், நிறுத்த முடியவில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி 'டக்' விசிறிக்கடியில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் முழுக்க வசவுதான், பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. மூன்றாம் நாள் வேறு ஒன்று வந்தது. அந்த வருஷம் மார்ச்சில் என் டீமில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பப் பட்டியல் கேட்டார்கள், நான் கொடுத்தேன். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. அவளுக்கு விஷயத்தைச் சொன்ன மீட்டிங்கில் நான் கேமரா போட்டிருந்தேனா? ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதை எழுதிய அன்று வசவு நின்றுவிட்டது. நின்ற இடத்தில் நிம்மதி வந்தது என்று சொல்ல முடியாது, வேறு ஒரு கனம் வந்தது, ஆனால் தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "இட்ஸ் ஓகே" என்று பதில் வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது. நவம்பர் இன்டர்வியூவில் அதே கேள்விக்கு "ஆட்குறைப்பு, மேடம்" என்று இரண்டே சொல்லில் முடித்தேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் பேனா மூடப்படவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. அதனால் வீட்டில் வெள்ளிக்கிழமை எனக்கு 'வொர்க் ஃப்ரம் ஹோம்' ஆனது. அறையைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் கிரிக்கெட் பார்ப்பேன், அப்பா நடந்து போகும் சத்தம் கேட்டால் "யெஸ், யெஸ், வில் டூ" என்பேன். உலகக் கோப்பை அந்த அக்டோபர், நவம்பரில் நடந்ததால் நிறைய 'மீட்டிங்' இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, நாலாம் தேதி ஊரே தண்ணீரில். எங்கள் தெருவில் முழங்கால் வரை. கரன்ட் இல்லை, நெட் இல்லை, பால் இல்லை. அபார்ட்மென்ட் ஆண்கள் எல்லோரும் லுங்கியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம், யாருக்கும் ஆபீஸ் இல்லை. ஊர் தவித்துக்கொண்டிருந்த அந்த நாலு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். எல்லோரையும் போல இருந்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் வடிந்து முதல் ஆபீஸ் கேப் தெருவுக்குள் வந்த சத்தம் கேட்டதும் வயிறு கலங்கியது.

நூலகத்திலும் தண்ணீர் புகுந்து கீழ்த் தட்டுப் புத்தகங்கள் ஊறிவிட்டன. திறந்த அன்று நாங்கள் ஏழு பேரும் புத்தகங்களை மேஜையில் விரித்து விசிறியடியில் காய வைத்தோம். பதிவேடும் நனைந்திருந்தது. நூலகர் அம்மா அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து இடையில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தார், நானும் உதவிக்கு உட்கார்ந்தேன். செப்டம்பர் மாதப் பக்கம் ஒன்று கைக்கு வந்தது. பத்தரைக்கு என் பெயர், என் கதவு எண். அதே பக்கத்தில் கீழே, மாலை 5.20-க்கு அப்பாவின் பெயர். தபால்காரர் எழுத்து, ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, அதே கதவு எண். அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அப்பா காலையிலதானே வருவாரு?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் காலையில வருவாரு சார். செப்டம்பர்ல ஒருநாள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாத்துட்டு நின்னாரு. மறுநாள்ல இருந்து சாயங்காலம்தான். வெயில் ஆகலன்னு சொன்னாரு."

மூன்று மாதம். சாயங்காலம் கோவில் நண்பரைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். காலைப் பேப்பரை மாலையில், எல்லோரும் படித்துக் கசங்கிய பிறகு படித்திருக்கிறார். அவருக்குப் பேப்பர் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும், அதற்காகவே திறக்குமுன் போய் நிற்கிறவர்.

வீட்டுக்குப் போய் அவரிடம் எதுவும் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அறையைச் சாத்தாமல் ஹாலில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "அந்த ஜன்னலோர ஃபேன் இன்னும் டக்கு டக்குன்னுதான் அடிக்குதா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "எண்ணெய் விடச் சொல்லி எழுதிக் குடுத்தேன், எவன் கேக்குறான்" என்றார். அவ்வளவுதான். "நீ என்ன தப்பு பண்ணே" வரவே இல்லை.

பிப்ரவரியில் வேலை கிடைத்தது. சின்ன கம்பெனி, சம்பளம் முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு, எனக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. அந்தப் பையன் குரூப் 4 எழுதினான், கணக்கில் 25-க்கு 21 என்று வேப்பமரத்தடியில் நின்று விடைக்குறிப்பு பார்த்துச் சொன்னான். தமிழில் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு மரத்தைப் பார்த்தான்.

இப்போது சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் சேர்ந்து போகிறோம், எட்டேமுக்காலுக்கே. பதிவேட்டில் அவர் முதலில் எழுதுவார், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் விடாமல். நான் கீழே 'மேற்படி' என்று போடுவேன். கழிவறைக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது, தண்ணீர் இன்னும் இல்லை, அதனால் அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பேனா நூலையும் யாராவது ஒரு சாண் நீட்டினால் தேவலை, அவருக்குக் குனிய முடியவில்லை.